கீதாவை யார் கேட்டார்கள்?

ஆண்டிமடத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: ‘டி.வி.யில் கல்யாண பரிசு பார்த்துவிட்டு அம்மா அழுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. தப்பா?’

தப்பே இல்லை.

1959-ல் வந்த படம். வசனகர்த்தாவாக இருந்த ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கியது. அப்போது அவருக்கு வயது 25. பாஸ்கரும் (ஜெமினி கணேசன்) வசந்தியும் (சரோஜாதேவி) காதலர்கள். விஷயம் தெரியாத அக்கா கீதா (விஜயகுமாரி) பாஸ்கர் மேல் ஆசை வைத்து, அதைத் தங்கையிடமே சொல்கிறாள். தங்கை தன் கதையை மூச்சு விடாமல், காதலனை வற்புறுத்தி அக்காவுக்குக் கட்டி வைக்கிறாள்.

வசந்திக்காக ஊரே அழுதது. மிச்சக் கண்ணீர் ஜெமினிக்கு. கீதாவுக்கு? மூன்று பேரில் ஏமாற்றப்பட்டவள் அவள் ஒருத்திதானே! நம் பொருளை நாம் கொடுத்தால் தியாகம். வசந்தி, பாஸ்கரின் வாழ்க்கையையும் சேர்த்தல்லவா எடுத்துக் கொடுத்துவிட்டாள்? ‘இவர் மனசில் நான்தான் இருக்கிறேன், பரவாயில்லையா?’ என்று கேட்டிருந்தால், கீதாவே விலகியிருக்கலாம். அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. கடைசியில் கீதா செத்துப்போக, அவள் குழந்தைதான் வசந்திக்குக் கல்யாணப் பரிசு!

இதே படத்தில் தங்கவேலுவும் பெண்டாட்டியிடம் புளுகுகிறார். மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று. குட்டு உடைகிறது, சிரிக்கிறோம். கதாநாயகனும் பெண்டாட்டியிடம் மறைக்கிறான். அதற்கு மட்டும் கர்ச்சீப் எடுக்கிறோம். இரண்டும் ஒரே சரக்குதான், பேக்கிங் வேறு.

ஸ்ரீதருக்கே இது உறுத்தியதோ என்னவோ, 1962-ல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தார். மறுபடி மூன்று பேர். ஏறக்குறைய முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள். புற்றுநோய்க்காரப் புருஷன் முத்துராமன். ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் கல்யாண்குமார், மனைவி தேவிகாவின் பழைய காதலர். விஷயம் தெரிந்த முத்துராமன் மறைக்கவில்லை. ‘நான் போய்விட்டால் அவரையே கட்டிக்கொள்’ என்று மனைவியிடமே சொல்லிவிடுகிறார். பெரிய மனசுதான். ஆனால் இவரும் அவளைக் கேட்கவில்லை, முடிவு பண்ணிவிட்டுச் சொல்கிறார். தேவிகா கொதித்துப்போகிறார். என் வாழ்க்கையை நீங்கள் யார் தானம் பண்ண என்கிற கோபம் அது. கீதாவுக்குக் கிடைக்காத கோபம். என்னைப் பொறுத்தவரை இதனாலேயே இரண்டாவது படம் ஒரு படி மேல். என்ன, டாக்டரைச் சாகடிக்காமல் ஸ்ரீதருக்குப் படத்தை முடிக்கத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கங்களில் இன்றைக்கும் வாய் திறக்காத பெண்ணுக்குத்தான் ‘தங்கமான பொண்ணு’ பட்டம். அம்மா அழட்டும், பாவம். அழுது முடித்ததும், ‘நீ கீதாவாக இருந்தால் என்னம்மா பண்ணியிருப்பே?’ என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவையும் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.