பள்ளியும் மணிமன்றமும்

ஈப்போவில் ‘பேராக் சங்கீத சபா’ என்னும் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று இன்றும் நடைபெறுகிறது. இசை வளர்க்கும் சபையின் பெயர் எழுத்தறிவிக்கும் பள்ளிக்கு வந்தது எவ்வாறு எனப் புதியவர் வியக்கலாம். பேராக் தமிழரின் வாழ்வை அறிந்தவருக்கு வியப்பில்லை. சபை, மன்றம், கோயில், பள்ளி என்பன இங்கே உறவற்ற நான்கு வீடுகளாக இருந்தவை அல்ல. ஆயினும் நம் கல்வி வரலாற்றை எழுதுவோரில் பலர் பள்ளிகளை மட்டும் எண்ணிக் கணக்கிட்டு, மற்றவற்றை ஓரத்தில் நிறுத்திவிடுகின்றனர். இஃது ஏட்டளவில் நிற்கும் பிழை அன்று. இன்றைய செயலையும் கெடுக்கும் பிழை.

தோட்டப் பள்ளியின் பிறப்பை நோக்குவோம். பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், பின்னர் 1923-இல் வந்த சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைய வழி செய்தன. சட்டம் கூரையைத் தந்தது. கற்பிக்கும் ஆர்வத்தைத் தர அதனால் இயலுமா? பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். சில வகுப்புகள் கற்ற பிள்ளை பால்மரக் காட்டுக்குப் போயிற்று. விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவலும் பால் சுமத்தலும். கையில் படிக்க ஒன்றுமில்லாத போது, கற்ற எழுத்து சில ஆண்டுகளில் மங்கிப் போகாமல் என்ன செய்யும்?

அவ்வெழுத்தைக் காத்ததில் பெரும்பங்கு பள்ளிக்கு வெளியே எழுந்த கல்விக்கே உரியது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். பாடமும் பயிற்சியும் ஏட்டின் வழியே வந்தன. எழுதி அனுப்பியோரின் ஆக்கங்கள் மதிப்பிடப்பட்டன. அதே பத்தாண்டுகளில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தை வளர்த்தது. அதன் வழியே பல ஊர்களில் மணிமன்றங்கள் தோன்றின.

இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவற்றை எழுத்தாளரை ஆக்கிய பட்டறைகள் எனப் போற்றுவர். அது மெய்யே, எனினும் பாதி மெய். இவை எழுத்தறிவை மறதியினின்று மீட்ட தொடர்கல்வி நிலையங்களும் ஆகும். தன் பெயரை அச்சில் காண விழைந்தவன் நாளேட்டைத் தேடிப் படித்தான். படிக்கத் தெரியாத தோழனுக்குப் படித்தும் காட்டினான். பள்ளி கொடுத்தது எழுத்து; மன்றம் கொடுத்தது எழுத்துக்கு வேலை. பல ஊர்களில் பகலில் வகுப்பறையில் நின்ற ஆசிரியரே மாலையில் மன்றத்திலும் வழிகாட்டினார். இரண்டையும் பிணைத்த கயிறு அவரே.

இங்கே குறையையும் மறைத்தலாகாது. அக்கயிறு ஒரு மனிதரின் நல்லெண்ணமாக இருந்ததேயன்றி, ஏற்பாடாக இருக்கவில்லை. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் மன்றம் தளர்ந்தது. பகலெல்லாம் மரம் சீவி, மாலையில் அடுப்பைப் பார்த்த தாய்மாருக்கு மன்றத்தின் வாயில் எளிதில் திறக்கவும் இல்லை.

இன்று ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. லயங்களை விட்ட குடும்பங்கள் ஈப்போவையும் பிற நகர்களையும் நாடிவிட்டன. ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோயிற்று. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் என்று நாம் பெருமை பேசுகிறோம். அவற்றுள் பல, நூற்றைம்பது மாணவருக்கும் குறைவான சிறு பள்ளிகள். பள்ளிகளைக் காக்கக் குரல் கொடுப்பது கடமையே. ஆனால், பிள்ளையின் வீட்டில் படிப்பவர் உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

இணைப்புக்கு முன்மாதிரி தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். கல்வி அவர்தம் வாழ்வில் இயங்கியது. 2021-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டருகே மாலை வகுப்பைத் தன்னார்வலர் வழி நடத்தியது. முன்னது முதியோரை அணுகிற்று. பின்னது பிள்ளையை அணுகிற்று. இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்வதே நமக்கு வேண்டுவது.

கூரை நம்மிடம் உண்டு. மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளில் ஒன்றையேனும் பெற்றோருக்குத் திறக்கலாம். அங்கே குழந்தைப் பாடநூலை வைத்தல் வேண்டா. சேமநிதிக் கணக்கு, மருத்துவமனை அட்டை, அன்றைய நாளேடு ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் படிக்கப் பழக்கலாம். ஆறாம் வகுப்பை முடித்துச் செல்லும் மாணவரின் பெயர்ப்பட்டியல் மன்றத்தின் கைக்கு வரவேண்டும். இடைநிலைப் பள்ளியில் மலாய் வழிக் கல்விக்குள் புகும் அப்பிள்ளை தமிழை விட்டுவிடாதிருக்க அதுவே வழி. ஆசிரியர் ஏற்கெனவே சுமை மிக்கவர் என்பர், உண்மையே. ஆகவே மாலைப் பணியை அவர்மேல் ஏற்றாமல், பழைய மாணவரைக் கொண்டு நடத்தி, அவரை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்க.

பள்ளிகளின் எண்ணிக்கை நம் பெருமைக்கு அளவாகலாம். நம் எழுத்தறிவுக்கு அளவு, மாலை நேரத்தில் தாயும் மகளும் ஒரே தாளைப் படிக்கும் வீடுகளின் எண்ணிக்கையே.