ஏலக் குறிப்பும் ‘நல்லது’ என்னும் சொல்லும்

ஏலம் என்னும் சொல் நம்முடையதன்று. போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவ்’ தமிழில் ஏலமாயிற்று. மலாய்மொழியில் அதுவே ‘லேலோங்’ ஆயிற்று. சொல் கடல் கடந்து வந்ததாயினும் செயல் நம் மக்களுக்கு நன்கு பழகியதே. ஏலங் கூறுவோர் பொருளை உயர்த்திக் காட்டுவார். கூடியிருப்போர் தட்டிப் பார்ப்பர், திருப்பிப் பார்ப்பர், மோந்தும் பார்ப்பர். அதன் பின்னரே விலை கேட்பர். மாடு வாங்கப் போகின்றவர் அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணாமல் பேச்சைத் தொடங்குவதில்லை.

இணைய ஏலத்தில் இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. பொருள் ஓரூரில், வாங்குவோர் மற்றோரூரில். இடையே இருப்பவை சில படங்களும் பத்து வரிக் குறிப்புமே. பொருள் புதியதாயின் கவலையில்லை. ஒருவர் ஆண்டு அனுபவித்த பொருளாயின் அந்தப் பத்து வரிதான் வாங்குவோருக்குக் கையும் மூக்கும் ஆகின்றது. கதையையும் கவிதையையும் எடைபோட்டுப் பார்க்கின்ற நாம், மக்கள் தம் பணத்தை நம்பி ஒப்படைக்கும் இச்சிறு உரைநடையை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? ஆசிரிய அன்பர்கள் இதனைப் பொறுத்து எழுதியதாக நான் கண்டதில்லை. ஆதலின் துணிகின்றேன்.

1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் இணைய ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. அங்கே முதலில் விலைபோன பொருளாகச் சொல்லப்படுவது ஒரு லேசர் சுட்டி, அதுவும் பழுதானது. ஒருவர் 14 டாலர் 83 சென்ட் கொடுத்து அதனை எடுத்தார். பழுதானது என்பது தெரியுமா என்று கேட்டதற்கு, பழுதான லேசர் சுட்டிகளைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்று அவர் விடையிறுத்தாராம். இதனைப் பலரும் நகைச்சுவையாகவே சொல்வர். எனக்கு அதில் வேறொன்று தெரிகின்றது. பழுதைப் பழுதென்று சொன்னமையாலன்றோ அதற்குரிய ஆள் அதனைத் தேடி வந்து சேர்ந்தார்!

அத்தளத்தில் இன்று நூல் விற்போர் ஐந்து படிகளுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். தமிழில் சொன்னால் புத்தம் புதியது, புதியது போன்றது, மிக நல்லது, நல்லது, ஏற்கத்தக்கது என வரும். ‘நல்லது’ நிற்கும் இடத்தை நோக்குக. மேலிருந்து நான்காம் படி. கடைசிக்கு ஒரு படி மேல். இஃது ஈபே செய்த புதுமையன்று. 1949ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பழம்புத்தக வணிகரின் வார இதழ் ஒன்று இத்தகைய தரச்சொற்களை வரையறுத்தது. அங்கே ‘நல்லது’ என்பது தேய்ந்து பழகிய, ஆயினும் பக்கங்கள் எல்லாம் உள்ள நூலுக்குப் பெயர்.

நாணயம் சேர்ப்போர் இன்னும் ஒருபடி போய்விட்டனர். வில்லியம் செல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்கென அதே 1949இல் 1 முதல் 70 வரை எண் வகுத்தார். அம்முறைப்படி ‘நல்லது’ எனப்படும் காசு பெறும் எண் 4. ‘மிக நல்லது’ பெறுவது 8. நம் மாணவன் ஒருவன் 70க்கு 4 வாங்கினால் அவன் தேர்ச்சி அறிக்கையில் ‘நல்லது’ என்று எழுத எந்த ஆசிரியருக்குக் கை வரும்? 8 வாங்கியவனை ‘மிக நல்லது’ என்று பாராட்டினால் பெற்றோர் நம் அறிவைப் பற்றி என்ன நினைப்பர்?

நிற்க. அவ்வணிகரை வஞ்சகர் என்று நான் கூறவில்லை. அவர்களுக்குள் அது கலைச்சொல். மருத்துவரின் சொல்லை மருத்துவர் அறிவதுபோல, காசு சேர்ப்போரும் ‘நல்லது’ என்றால் முகம் தேய்ந்த காசு என்பதை அறிவர். கேடு எங்கே தொடங்கிற்று எனின், குழுவுக்குள் வழங்கிய அச்சொல் பொது ஏலத்துக்கு வந்தபோது. அங்கே விற்பவரும் அக்குறிப்பை அறியார், வாங்குபவரும் அறியார். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வழக்கின்படி பொருள் கொள்கின்றனர். அதனைத் தமிழாக்கியபோது கேடு இரட்டித்தது. ஆங்கிலத்திலேனும் அச்சொல்லுக்குப் பின்னே ஒரு வணிகர் குழுவின் வரையறை உண்டு. தமிழ் ‘நல்லது’க்குப் பின்னே அப்படி ஒன்றுமில்லை, நம் மொழியில் நல்லது என்றால் நல்லதுதான்.

பட்டறிந்தே சொல்கின்றேன். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி நூலகத்திற்கென வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதிப் படி ஒன்றை இணைய ஏலத்தில் எடுத்தேன். 1862இல் சென்னையில் வெளிவந்த அவ்வகராதியின் பிற்கால மறுபதிப்பு அது. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் 210 வெள்ளி. குறிப்பில் இருந்தவை இவ்வளவே: ‘நல்லது. வயதுக்கேற்ற தேய்மானம்.’ நூல் வந்தது. அட்டை உறுதியாக இருந்தது. ‘ப’கர வரிசையில் 16 பக்கங்களைக் காணோம்; தையல் விட்டு ஒரு மடி முழுவதும் கழன்று போயிருக்கின்றது. விற்றவருக்கு எழுதினேன். அவர் தந்த விடையில் சினமில்லை, பொய்யுமில்லை. தாம் பக்கங்களை எண்ணவில்லை என்றும், அட்டை நன்றாக இருந்ததால் அவ்வாறு எழுதியதாகவும் கூறினார்.

ஈண்டு ஓர் இலக்கணச் செய்தி உண்டு. ‘நல்லது’ என்பது பயனிலை. எழுவாய் யாது? அவருக்கு அட்டை எழுவாய். எனக்கு நூல் எழுவாய். ஒரே வாக்கியத்தை இருவரும் இருவேறு எழுவாய் கூட்டிப் படித்தோம். 210 வெள்ளி அந்த இடைவெளியில் விழுந்தது. பழைய இசைத்தட்டு விற்போர் இதில் தெளிவானவர்கள். தட்டுக்கு ஒரு தரமும் அதன் உறைக்கு வேறொரு தரமும் தனித்தனியே குறிப்பர். பார்த்து மட்டும் சொன்ன தரமா, ஓடவிட்டுக் கேட்டுச் சொன்ன தரமா என்பதையும் நல்ல வணிகர் எழுதுவர். அந்த 16 பக்கங்களின் இடத்தில் இப்போது வெள்ளைத்தாள் வைத்திருக்கின்றேன். அவ்விடத்தில் வரவேண்டிய சொல்லைத் தேடும் பிள்ளைகள் அதனைப் புரட்டிவிட்டு என்னைப் பார்க்கின்றனர்.

பவணந்தியார் நன்னூலில் நூற்குற்றம் பத்தென வகுத்தார். அவர் ஏலக் குறிப்பைக் கண்டவரல்லர். ஆயினும் அக்குற்றங்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடி இடர்ப்படும் ஆசிரியர் எவரும் ஓர் ஏலத்தளத்தைத் திறந்தால் ஒரு மாலைப்பொழுதில் பயிற்சி நூலே தொகுத்துவிடலாம். ‘வயதுக்கேற்ற தேய்மானம்’ என்பது வெற்றெனத் தொடுத்தல். வயதான பொருள் தேய்ந்திருக்கும் என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டுமா? எங்கே தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது என்பதன்றோ கேள்வி! பாட்டனார் அப்பொருளை எங்கே வாங்கினார், பாட்டி அதனை எவ்வாறு போற்றினார் என்று பத்து வரி எழுதிவிட்டு அதன் இன்றைய நிலைக்கு ஒரு சொல்லும் விடாதது மற்றொன்று விரித்தல். ‘புதியது போன்றது, திரையில் சிறு விரிசல் மட்டும்’ என்பது மாறுகொளக் கூறல். சிங்கப்பூரில் 2012இல் தோன்றிய கரோசெல் தளம் ஏலத்தளமன்று. ஆயினும் அங்கு வழங்கும் தரவரிசையில் ‘நன்கு பயன்படுத்தப்பட்டது’ என்று தமிழாக்கத்தக்க ஒரு படி உண்டு. இது பாராட்டா, பழியா? மயங்க வைத்தல் என்பதற்கு இதனினும் தக்க சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இவை யாவும் பொறுக்கத்தக்கவை. எனக்குப் பொறுக்காதது ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்பதே. வானொலிப் பெட்டி ஒன்றை விற்கின்றவர் வீட்டில் மின்சாரம் இல்லையா? செருகிப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? அரிய மின்கலம் வேண்டும் பழைய ஒளிப்படக் கருவியாயின் ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் மின்கலம் இல்லாமையால் பார்க்கவில்லை என்று காரணத்தோடு எழுதுவதே முறை. காரணமின்றி எழுதும்போது அது குன்றக் கூறல். பார்த்தவரும் சிலர் பார்க்கவில்லை என்று எழுதுகின்றனரோ என்னும் ஐயமும் எனக்கு உண்டு.

‘படம் இருக்கச் சொல் எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். படம் வேண்டற்பாலதே. ஆனால் பூஞ்சை நாற்றம் படத்தில் வராது. தட்டின் கரகரப்பு வராது. திறக்கும்போது தையல் விடும் என்பது, மூடிய நூலின் படத்தில் எவ்வாறு தெரியும்? இல்லாத 16 பக்கங்களை எந்தக் கருவி படம் பிடிக்கும்?

சட்டமும் சொல்லையே நோக்குகின்றது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, விவரித்து விற்கப்படும் பொருள் அவ்விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கின்றது. விவரிப்பே வெறுமையாயின் எதனோடு ஒத்துப் பார்ப்பது? இவ்வெறுமையால் இழப்பு வாங்குவோர்க்கு மட்டுமன்று. பழைய கார்ச் சந்தையைக் கொண்டு ஜார்ஜ் ஏகர்லாஃப் என்னும் பொருளியலறிஞர் 1970இல் விளக்கியதும் இதுவே. நல்லதையும் தீயதையும் வாங்குவோர் பிரித்தறிய இயலாதபோது எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே தருவர். உண்மையில் நல்ல வண்டி வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகிவிடுவர். 2001இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

இனி நம் மொழிக்கு வருவோம். பழம்பொருளின் நிலையை எழுத ஆங்கிலப் படிவரிசையை இரவல் வாங்க வேண்டிய வறுமை தமிழுக்கு உண்டா? 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அதன் பதிப்புரையில் தாம் கண்ட ஏடுகளின் நிலையை எழுதியிருக்கின்றார். அவர் விற்க எழுதவில்லை, காக்க எழுதினார். எனினும் எழுதிய முறை நமக்குப் பாடம். ஏடுகள் தீயன, மிகத் தீயன என்று அவர் தரம் பிரிக்கவில்லை. கையில் எடுத்தால், கட்டை நெகிழ்த்தினால், ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினால் என்று கையின் செயல் ஒவ்வொன்றுக்கும் ஏடு என்ன ஆகின்றது என்பதைச் சொல்கின்றார். படிப்பவருக்கு விரல் கூசுகின்றது. பூச்சி அரித்த இடமும் எழுத்துச் சிதைந்த விதமும் அதில் உண்டு. ‘நிலை’ என்னும் பொதுச்சொல்லில் அவர் ஒளிந்துகொள்ளவில்லை.

நம் வீட்டுப் பேச்சிலோ இதற்கான சொற்கள் குவிந்து கிடக்கின்றன. தாள் கசங்கும், மடியும், பழுப்பேறும், நையும், பொத்தலாகும், செல்லரிக்கும், பூஞ்சை பூக்கும். பாத்திரத்தில் சொட்டை விழும், ஓட்டை விழும், களிம்பேறும், விளிம்பு நெளியும். துணி சாயம் போகும், இழை பிரியும். இவை ஒரு பொருட் பன்மொழியல்ல. ஒவ்வொன்றும் அப்பொருளின் எதிர்காலத்தை வெவ்வேறாகச் சொல்கின்றது. பழுப்பேறிய நூலைப் படிக்கலாம். பூஞ்சை பூத்த நூலை அலமாரியில் வைத்தால் நம் நாட்டின் ஈரக்காற்றில் பக்கத்து நூலுக்கும் பரவும். சொட்டை அப்படியே இருக்கும், விரிசல் வளரும். இவ்வளவையும் ‘ஏற்கத்தக்கது’ என்னும் ஒரு சொல்லில் போட்டு மூடுவது கையிலுள்ள நெல்லை விட்டுவிட்டு உமிக்குக் கையேந்துவதாகும்.

இவ்வளவு எழுதுகின்ற நான் செய்ததையும் சொல்லிவிடுகின்றேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் வாங்கிய ஆர்மோனியம் ஒன்று என்னிடம் உண்டு. சென்ற மாதம் அதனை ஏலத்தில் விடக் குறிப்பு எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், ‘நல்ல நிலையில் உள்ளது. பழைமைக்கேற்ற தேய்மானம்’ என்றிருந்தது. என் கையெழுத்துத்தான்!

மறுநாள் அதனை ஆறாம் ஆண்டு வகுப்புக்குத் தூக்கிச் சென்றேன். நல்ல, அழகான, பழைய என்னும் மூன்று சொற்களையும் விலக்கிவிட்டு அதன் நிலையை எழுதுமாறு சொன்னேன். பிள்ளைகள் சுற்றி நின்று தட்டினர், அழுத்தினர், மோந்தனர். ‘மூன்றாவது கறுப்புக் கட்டையை அழுத்தினால் திரும்பி எழாது, விரலால் தூக்கிவிட வேண்டும்’ என்று ஒருவன் எழுதினான். ‘துருத்தியை அழுத்தினால் பாட்டுக்கு முன்னே ஒரு பெருமூச்சு வருகிறது’ என்றாள் ஒரு சிறுமி. விற்பனைக் குறிப்பில் உவமை புகலாமா என்று சற்று நேரம் எண்ணினேன். காற்றுக் கசிவை அதனினும் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை; அப்படியே சேர்த்துக்கொண்டேன். உள்ளே கரப்பான் முட்டை இருப்பதாக மற்றொருவன் எழுதியிருந்தான். அதனை மட்டும் குறிப்பில் சேர்க்காமல் பெட்டியைத் திறந்து துடைத்துவிட்டேன்.

குறிப்பு வெளியான இரண்டாம் நாள் முன்பின் அறியாத ஒருவர் கேட்டிருந்தார்: மூன்றாவது கறுப்புக் கட்டை என்றால் இடப்புறத்திலிருந்தா, வலப்புறத்திலிருந்தா? இடப்புறத்திலிருந்து என்று விடை எழுதினேன். அவர் 140 வெள்ளி கேட்டிருக்கின்றார். ஏலம் முடிய இன்னும் மூன்று நாள் உண்டு.