மேற்கோள் ஏறிய பொய்
அரசு பரப்பும் பொய்ச்செய்தியை அதன் மொழியமைப்பே காட்டிக்கொடுப்பதுண்டு. 1983 ஜூலையில் தில்லி நாளிதழ் 'பேட்ரியட்' வெளியிட்ட கடிதம் இதற்குத் தக்க சான்று. எய்ட்ஸ் நோய் அமெரிக்கப் படைத்துறை ஆய்வில் விளைந்தது என்பது அதன் கூற்று. நோய் இந்தியாவுக்கு வரக்கூடும் என ஐயநிலையில் பேசிய தலைப்பு, நோயின் தோற்றத்தை மட்டும் துணிபாகக் கூறியது. எழுதியவர்க்குப் பெயரில்லை, புகழ்பெற்ற அமெரிக்க அறிவியலாளர் என்னும் அடைமொழியே பெயரின் இடத்தை நிரப்பியது.

1985 அக்டோபரில் சோவியத் வார இதழ் 'லிதெரத்தூர்னயா கஸேத்தா' அந்த இந்திய ஏட்டையே மேற்கோளாக்கியது. ஏட்டின் பெயர் சான்றாயிற்று. கடிதத்தின் பெயரின்மை பின்தள்ளப்பட்டது. 1992-இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் இதில் சோவியத் உளவுத்துறைக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டார்.

எனவே, 'கூறப்படுகிறது' என எழுதுமுன் கூறியவர் யாரென வினவுதல் மொழிபெயர்ப்பாளர் கடன். 'வந்ததாம்' என்பதிலுள்ள 'ஆம்' கேள்விச்செய்தியைக் குறிப்பது. அதனை நீக்கி 'வந்தது' என முடிப்பது நடைத்திருத்தமன்று, பொய்க்குச் சான்றளிப்பதாகும்.