மார்ஜினை மானிட்டரில் பார்த்த நாள்

டாக்டரிடமிருந்து போன் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பல் டெக்னீஷியன்களுக்கு மட்டுமே புரிகிற பயம் இது. "மார்ஜின் ஓப்பனா இருக்குண்ணா" என்று ஒரே வரி. கிரவுன், அதாவது செயற்கைப் பல் உறை, அசல் பல்லோடு சேரும் விளிம்பில் இடைவெளி என்று அர்த்தம். ரெண்டு நாள் வேலை குப்பைக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருஷம் மெழுகு, கத்தி, காஸ்டிங் என்று ஓட்டியவன் நான். என் கண்ணை மிஞ்சிய அளவுகோல் இல்லை என்ற திமிர் இருந்தது. லேப் ஸ்கேனர் வந்த முதல் வாரத்திலேயே அது இறங்கிவிட்டது. அத்தனை சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை!

பார்க்க மைக்ரோவேவ் அடுப்பு மாதிரிதான் இருக்கும். உள்ளே தட்டில் பல்வரிசையின் வார்ப்பான மாடலை வைத்துக் கதவைச் சாத்தினால், நீல ஒளிக்கோடுகள் அதன் மேல் ஓடும். மேடு பள்ளத்தில் அந்தக் கோடுகள் எப்படி வளைகின்றன என்று கேமராக்கள் பார்க்கும். தட்டு சுழன்று சாய்ந்து கொடுக்கும். ஒரு நிமிஷத்துக்குள் முழுத் தாடையும் திரையில் வந்து நிற்கிறது. முதல் டையை, அதாவது ஒற்றைப் பல்லின் மாடலை, பெரிதாக்கிப் பார்த்தேன். மார்ஜின் கோடு வாய்க்கால் வரப்பு மாதிரி தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி! நான் ஊற்றிய ஸ்டோனில் (மாடல் வார்க்கும் ஜிப்சம்), லூப் என்ற பெருக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் நான் தவறவிட்ட குமிழி. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை விட்டிருப்பேன்?

அன்று ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. ஒரே டையை எடுத்து எடுத்து வைத்து ஐந்து முறை ஸ்கேன் செய்தேன். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். விலகல் இருந்தால் சிவப்போ நீலமோ காட்டும். திரை முழுக்கப் பச்சை. மறுநாள் பார்த்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன், பேரக்குழந்தை படம் காட்டுவதுபோல.

ஆனால் மாறாமல் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. எப்போது நிறுத்தாலும் 50 கிராம் குறைத்துக் காட்டும் தராசும் மாறாமல்தான் காட்டும். அதனால்தான் ஐஎஸ்ஓ 12836 தரவிதி, அளவு முன்பே தெரிந்த மாதிரி உருவங்களை ஸ்கேன் செய்து இரண்டையும் சோதிக்கச் சொல்கிறது. விற்பனையாளர் "5 மைக்ரான் சார்" என்றால், எந்த உருவத்தில் அளந்தது என்று கேளுங்கள். ஒற்றைப் பல்லில் வரும் எண் முழுத் தாடையில் வராது.

1971இல் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, மார்ஜினில் 120 மைக்ரான் வரை இடைவெளி பொறுக்கலாம் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன கணக்கு. ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. அளவெடுப்பது, ஸ்டோன் விரிவது, மில்லிங், சிமெண்ட் எல்லாமே அந்தச் சின்னக் கணக்குக்குள் பங்கு கேட்கின்றன. ஸ்கேனர் தன் பங்குக்குச் சில மைக்ரானோடு ஒதுங்கிக்கொள்கிறதே, அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல!

சிர்கோனியா என்ற பீங்கான் வகையில் கிரவுன் செய்வதுதான் உச்சம். சூளையில் அது சுமார் 20 சதவீதம் சுருங்கும். ஒவ்வொரு சிர்கோனியா வட்டிலும் அதற்கான பெருக்க எண் அச்சிட்டிருக்கும். அதன்படி கிரவுனைப் பெரிதாகக் கடைந்து சுட்டால், சுருங்கி வந்து டையில் 'சிக்'கென்று உட்காரும். இன்னும் ஒவ்வொரு முறையும் கைதட்டத் தோன்றுகிறது.

பளபளக்கும் உலோகத்தைக் கண்டால் மட்டும் ஸ்கேனருக்குக் கண் கூசும், ஸ்பிரே அடிக்க வேண்டும். அதைத் தடிமனாக அடித்து நானே ஒரு வேலையைக் கெடுத்திருக்கிறேன். காலிப்ரேஷனைத் தள்ளிப்போட்டாலும் பழிவாங்கும்.

போன வாரம் ஆறு பல் பிரிட்ஜ் ஒன்று அனுப்பினேன். சாயங்காலம் போன். பழக்கதோஷம், வயிறு கலங்கத்தான் செய்தது.

"உட்கார்ந்துடுச்சுண்ணா. பில்லை அனுப்பிடுங்க."