அச்சமும் தறுகணும்: ஒரு வழிநூல் ஆட்டம்

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு பொருள்களால் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அந்நான்கு. அணங்கு என்றதில் பேயும் அடங்கும். கள்வர் என்றது தீத்தொழில் புரிவாரைத் தழுவி நிற்கும். இறை என்றதற்குத் தந்தையும் ஆசிரியரும் அரசரும் முதலாயினார் எனப் பொருள் விரிப்பர் உரைகாரர். செய்யுளை நோக்கி வகுத்த இலக்கணத்தைக் கணினி விளையாட்டின்மேல் ஏற்றிப் பார்ப்பது முறையாகுமா என ஐயுறுவார் இருக்கலாம். அச்சத்தையும் வீரத்தையும் ஒருசேர ஊட்ட முயலும் ஆட்டமொன்றை அளப்பதற்கு இதனினும் பொருத்தமான கோல் எளிதில் கிட்டாது. மேலும், மாணாக்கர் இரவெல்லாம் விழித்திருந்து ஆடுகின்ற ஒன்றைக் 'கேடு' என்ற ஒரு சொல்லால் ஆசிரியர் தள்ளிவிடுவாராயின், அங்கே தீர்ப்பு உண்டு, ஆராய்ச்சி இல்லை.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது, அமெரிக்க நாட்டு மோனோலித் நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளியிட்ட 'ஃபியர் 2: பிராஜெக்ட் ஆரிஜின்' என்பது. 'ஃபியர்' என்னும் சொல்லே அச்சத்தைக் குறிப்பது. 17 வயதிற்கு மேற்பட்டார்க்கென அந்நாட்டில் தரம் குறிக்கப்பட்ட ஆட்டம் இது, குருதி மிகுந்தது. இவ்வகை ஆட்டத்தில் ஆடுவோர் தம் உருவைத் திரையில் காண்பதில்லை. கதைமாந்தனின் கண்ணே அவர்தம் கண். துப்பாக்கி ஏந்திய கைகள் மட்டுமே திரையின் அடிப்புறத்தில் தெரியும். முதுகுப்புறம் நிற்பது யாது என்று அறிய வேண்டுமாயின் திரும்பித்தான் பார்க்க வேண்டும். அச்சுறுத்த விழைவார்க்கு இஃது எத்துணை வாய்ப்பான அமைப்பு! ஆனால் அதே கையில் துப்பாக்கியும் இருக்கின்றது. துப்பாக்கி தருவது தறுகண்மை; தறுகண்மையோ பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்று. பெருமிதம் வளர வளர அச்சம் தேயும். இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஓரிடத்தில் குடியிருத்த முயல்வதே இவ்வாட்டத்தார் மேற்கொண்ட அருஞ்செயல்.

வழிநூலை ஆராய்வதற்கு முன் முதல்நூலைக் காண்டல் வேண்டும். 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த முதல் ஆட்டத்தின் கதை வருமாறு: ஆர்மக்கம் என்பது படைக்கல ஆராய்ச்சி செய்யும் ஒரு வாணிகக் கழகம். அதன் அறிஞருள் ஒருவன் ஹார்லன் வேட். அவன் மகள் ஆல்மா பிறர் உள்ளத்தைத் தாக்கவல்ல ஆற்றலோடு பிறந்தவள். அச்சிறுமியை எட்டு வயதளவில் மயக்கத்தில் ஆழ்த்தி, நிலத்தடியில் பெட்டகமொன்றில் அடைத்தனர். அவள் தன்னினைவின்றிக் கிடந்த நிலையிலேயே அவள் வயிற்றில் இரு மகவுகளைப் பிறப்பித்தனர். பின்னர் உயிர்காக்கும் கருவிகளை நிறுத்தினர். உடல் மாண்டது, சினம் மாளவில்லை. அவளை எதிர்கொள்ளும் வீரன் அவள் பெற்ற மக்களுள் ஒருவனே என்பது இறுதியில்தான் வெளிப்படும். பேயை எதிர்கொண்டவன் தாயை எதிர்கொண்டான்.

அம்முதல் ஆட்டத்தின் வெற்றி அதன் சிக்கனத்தில் இருந்தது. செவ்வாடை உடுத்த சிறுமியாய் ஆல்மா மிகச் சில இடங்களிலேயே தோன்றுவாள். ஏணியில் இறங்குவதற்காக ஆடுவோர் திரும்பும் கணத்தில், சற்று முன் வெறுமையாய் இருந்த இடத்தில் அவள் நிற்பாள். சுடுவதற்குக் கை ஓயும் நேரம் அது. ஏணிப்படியில் நிற்பவனுக்குத் தறுகண்மை இல்லை. அங்கே அணங்கு வந்து நிற்கின்றது. மெய்ப்பாடுகளின் பகையை அறிந்தவரே இவ்விடத்தை அமைத்திருத்தல் கூடும்.

கள்வரால் வரும் அச்சமும் அதில் குறைவின்றி அமைந்திருந்தது. பகைவீரர் தாமே திட்டமிட்டுச் செயற்படும்படி ஜெஃப் ஆர்கின் என்னும் நிரலாளர் அமைத்த முறை, 2006-ஆம் ஆண்டு ஆட்டப் படைப்பாளர் மாநாட்டில் அவராலேயே விளக்கப்பட்டது. இன்னது செய்க என ஒவ்வோர் அடியும் விதித்துவிடாமல், குறிக்கோளை மட்டும் கொடுத்து, வழியை வீரனே தேர்ந்துகொள்ள விடுவது அம்முறை. மறைவிடம் தேடுவர்; சுற்றி வளைப்பர்; செய்வதை ஒருவருக்கொருவர் கூவியும் சொல்வர். அக்கூவலைக் கேட்டு, 'இவர்கள் நம்மை அறிந்துவிட்டனர்' என்று ஆடுவோர் நடுங்குவர்.

முதல்நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் உடன்கொள்வது வழிநூல் என்பது நம் மரபு. ஒத்துச் செல்லுதலில் இரண்டாம் ஆட்டம் பிழைபடவில்லை. முதல் ஆட்டம் முடிவதற்கு அரைமணி நேரம் முன்பே இதன் கதை தொடங்கிவிடுகின்றது. மைக்கேல் பெக்கெட் என்னும் படைவீரன், ஆர்மக்கத் தலைவி ஜெனிவீவ் அரிஸ்டைடைக் காவலில் கொண்டுவர அனுப்பப்படுகின்றான். முதல் ஆட்டத்தின் இறுதியில் நகரை அழித்த பெருவெடிப்பு, இங்குத் தொடக்கத்திலேயே வானை மூடுகின்றது. இடையே 2006, 2007 ஆண்டுகளில் டைம்கேட் என்னும் வேறொரு நிறுவனத்தார் எழுதிச் சேர்த்த இரு தொடர்ச்சிகளையும் மோனோலித் கணக்கிற் கொள்ளவில்லை. இடைச்செருகல் எனத் தள்ளினர் போலும்.

இவ்வாட்டத்தின் பெயர் பற்றிய வரலாறும் சுவையுடையது. மோனோலித் வார்னர் நிறுவனத்தாரின் உடைமையாகிவிட்டது. 'ஃபியர்' என்னும் பெயரோ விவெண்டி நிறுவனத்தாரிடம் தங்கிவிட்டது. கதை ஓரிடத்தும் பெயர் ஓரிடத்துமாய்ப் பிரிந்தமையால், புதுப்பெயரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆடுவோரிடமே விடப்பட்டது. மூன்று பெயர்களுள் 'பிராஜெக்ட் ஆரிஜின்' என்பதை அவர்கள் தேர்ந்தனர். 2008-ஆம் ஆண்டில் பழம்பெயரும் திரும்பக் கிடைத்து, இரண்டும் ஒன்றாயின. அச்சம் என்னும் பெயரை மீட்டவர் அச்சத்தையும் மீட்டனரா என்பதே வினா.

பெரும்பகுதியில் மீட்கவில்லை என்றே சொல்லவேண்டும். முதல் ஆட்டத்தில் மூன்று படைக்கலம் தாங்கியவன் இங்கு நான்கு தாங்குகின்றான். காலத்தைத் தாழ்த்திப் பகைவரை மெல்ல நகரச் செய்யும் ஆற்றல் முன்பே இருந்தது; இங்கு அவ்வாற்றலை எழுப்பியதும் பகைவர் உரு ஒளிவிட்டுத் துலங்குகின்றது. இருளில் நிற்பவன் விளக்காய் எரிந்தால் இருட்டுக்கு என்ன வேலை? இரும்புக் கவசப் பேருருவொன்றில் ஏறியமர்ந்து, இரு கைகளாலும் குண்டுமழை பொழிந்துகொண்டு தெருவழியே நடக்கும் பகுதியும் உண்டு. அது களிப்பூட்டுவது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்விடத்தில் அஞ்ச வேண்டியவர் எதிரிகளே.

சேர்த்தவற்றினும் நீக்கியது ஒன்றே பெருங்குறை. முதல் ஆட்டத்தில் சுவரின் மூலையில் நின்று உடலைச் சாய்த்து எட்டிப் பார்க்கலாம். அவ்வசதி இரண்டாம் ஆட்டத்தில் இல்லை. சிறு மாற்றம் எனத் தோன்றும். எட்டிப் பார்ப்பவன் அஞ்சுகின்றவன். அவ்வசைவே அச்சத்தின் மெய்ப்பாடு. அதை எடுத்துவிட்டபின் மூலையைத் தாண்டிப் பாய்வதன்றி வேறு வழியில்லை. பாயப் பழகிய கை அஞ்சுவதை மறக்கின்றது.

இனி ஆல்மா. வழிநூலில் அவள் அடிக்கடி வருகின்றாள். மெலிந்து சிதைந்த பெண்ணுருவாய் வந்து பெக்கெட்டைப் பற்றிக்கொள்கின்றாள். அப்போது ஆடுவோர் செய்யவேண்டுவது யாது? திரையில் காட்டும் பொத்தானை விரைந்து விரைந்து அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் விலகுவாள். முதன்முறை நெஞ்சு திடுக்கிடுகின்றது. மூன்றாம் முறை விரல் வலிக்கின்றது. பொத்தானுக்கு அஞ்சி அகலும் பேய், பேய்களுள் கடைப்பட்டது.

இவையெல்லாம் இருந்தும் இவ்வாட்டத்தைத் தள்ளிவிட இயலாமைக்குக் காரணம் அதன் நடுவே வரும் பள்ளிக்கூடமே. வேட் தொடக்கப்பள்ளி என்பது அதன் பெயர். ஆர்மக்கம் நடத்திய பள்ளி அது. உள்ளத்தாற்றல் வாய்ந்த சிறாரைக் கண்டறிந்து பொறுக்கி எடுப்பதற்கென்றே அது நடத்தப்பட்டது என்பதும், கட்டடத்தின் அடியில் ஆய்வுக்கூடம் உண்டு என்பதும், ஆங்காங்கே கண்டெடுக்கும் குறிப்புகளால் சிறிது சிறிதாய்த் தெரியவருகின்றன. வகுப்பறைகளும் நடைவழிகளும் எந்நாட்டுப் பள்ளியையும் போன்றவை. ஆசிரியத் தொழில் செய்வார் இப்பகுதியை ஆடிப் பார்த்தல் நன்று. தேர்வு என்பது கற்பித்ததன் பயனை அறிவதற்கு என்றே அவர் நம்பியிருப்பர். இங்கோ தேர்வு எழுதும் குழந்தை தான் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றோம் என்பதை அறியாது. நன்றாய் எழுதிய குழந்தைக்கே கேடு மிகுதி.

இப்பள்ளியில் நடக்கும்போது ஓர் உண்மை புலனாகும். அணங்காகிய ஆல்மா அச்சத்தின் பயனே; முதற்காரணம் இறை. ஹார்லன் வேட் தந்தை. பள்ளியை நடத்தியவர் ஆசிரியர் நிலையினர். ஆர்மக்கமோ தன் படையும் தன் மறைவிடங்களும் உடைய அரசு. உரைகாரர் 'இறை' என்றதன்கீழ் எண்ணிய மூவரும் ஒரு சிறுமியின்மேல் ஒருங்கே கவிந்துள்ளனர். தன்னைக் காக்கக் கடமைப்பட்டவர்க்கே ஒரு குழந்தை அஞ்ச நேர்ந்த கொடுமைக்கு முன், சுவரில் தெறித்த குருதியும் திடுமெனக் கேட்கும் ஓலமும் வெறும் ஒப்பனையாகிவிடுகின்றன. மரமொன்றும் அதில் தொங்கும் ஊஞ்சலும் நிற்கும் குன்று, ஆட்டம் முழுவதும் கனவெனத் தோன்றித் தோன்றி மறைகின்றது. அஃது ஆல்மாவின் இழவைச் சொல்லாமற் சொல்வது. இழவு அழுகைக்கு நிலைக்களன். அச்சம் ஊட்ட வந்த ஆட்டம் தன்னையறியாமலே அழுகையின் எல்லையை எட்டிவிடும் இடம் இது.

எட்டிய இடத்தில் நிற்கத் துணிவில்லை என்பதுதான் குறை. சற்று நேரத்தில் படைவீரர் நுழைந்துவிடுகின்றனர்; வகுப்பறை மீண்டும் போர்க்களமாகின்றது. குழந்தைகள் இருந்த இடம் மறைவிடமாய்ப் பயன்படுகின்றது. ஆட்டத்தைத் தொகுத்தவருள் எவரேனும் ஒரு கால்மணி நேரம் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்திருப்பின், இப்பள்ளி ஒன்றாலேயே வழிநூல் முதல்நூலை விஞ்சியிருக்கும்.

இறுதிக் காட்சி குறித்துப் பலர் முகஞ்சுளிப்பர், சுளிப்பதும் தகும். எந்திரமொன்றில் பிணிக்கப்பட்ட பெக்கெட்டின் இசைவின்றியே ஆல்மா அவனைத் துணையாக்கிக் கருவுறுகின்றாள். அவள் உடலை ஆர்மக்கம் எவ்வாறு பயன்படுத்தியதோ அவ்வாறே அவள் பெக்கெட்டின் உடலைப் பயன்படுத்துகின்றாள். நான்கு படைக்கலம் தாங்கியவன் ஒன்றுமற்றவனாய்க் கிடக்கின்றான். ஆட்டம் முழுவதும் ஊட்டி வளர்த்த தறுகண்மையை ஒரே காட்சியில் பறித்துவிடும் இம்முடிவு, கருத்தளவில் வலியது. ஆயின் அதற்குரிய ஆயத்தம் முன்னே இல்லை. கவசப் பேருருவில் ஏறி நடந்தபோதே அவ்வலிமை பொய் என்னும் ஐயத்தை விதைத்திருக்க வேண்டும். விதைக்காமையால், விளைந்தபோது அது கொடுமையாய் மட்டுமே தோன்றுகின்றது. கொடுமையின் பொருளைப் பின்னர் ஆராய்ந்தே உணர வேண்டியுள்ளது.

மூன்றாம் ஆட்டம் 2011-ஆம் ஆண்டில் டே ஒன் என்னும் வேறு நிறுவனத்தாரால் ஆக்கப்பட்டது. அதில் ஆல்மாவின் மைந்தர் இருவராய் இருவர் சேர்ந்து ஆடலாம். பக்கத்தில் நண்பன் அமர்ந்திருக்க அஞ்சுவார் யார்? மோனோலித் நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நான்காம் ஆட்டம் வரவில்லை. ஆல்மா கருவுற்ற வயிற்றோடு நிற்கும் அவ்விறுதிக் காட்சியே இரண்டாம் ஆட்டத்தின் கடைசிக் காட்சியாய் நின்றுவிட்டது.