முயலின் கதையும் கேட்போர் கூட்டமும்

கதைகள் யாவும் ஒருகாலத்தில் வானக் கடவுளாகிய நியாமேயின் உடைமையாயிருந்தன என்று கானா நாட்டு அஷாந்தி மக்களிடை வழங்கும் கதையொன்று கூறும். செல்வமும் படையும் படைத்த பெரிய ஊர்களால் வாங்கமுடியாத அவற்றைச் சிலந்தியாகிய அனான்சி விலைகொடுத்து வாங்கினான். மலைப்பாம்பு, குளவிக் கூட்டம், சிறுத்தை, வனதேவதை ஆகியவற்றை உபாயத்தாற் பிடித்துக் கொடுத்ததே அவ்விலை. வனதேவதையைப் பிடிக்க அவன் கையாண்ட கருவி, பிசின் பூசிய மரப்பாவை.

இதனையொத்த பாவையொன்று, அமெரிக்காவின் ஜோர்ஜியாத் தோட்டங்களில் அடிமைகள் சொன்ன கதையிலே, தாரினாற் செய்யப்பட்டு முயலைச் சிக்கவைக்கிறது. அதன் பிறப்பிடம் பற்றி அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல், மயிரில் எதுவும் ஒட்டிக்கொள்ளும் அரக்கனோடு ஐந்து ஆயுதம் தாங்கிய இளவரசன் பொருதும் பௌத்த ஜாதகக் கதையோடு இதனை இணைத்தார். இத்தகைய ஆராய்ச்சி வீணென்று நாம் கூறவில்லை. ஆயினும், கதையின் ஊரைத் தேடுவோர், அதனை யார், யாருக்கு, எந்நிலையிற் சொன்னார் என்று கேட்க மறந்துவிடுகின்றனர். எமக்கு முக்கியமாகத் தோன்றுவது அக்கேள்வியே.

அஷாந்தி மக்களிடையே கதை இரவில் மட்டுமே சொல்லப்பட்டது. பகலில் பயபக்தியோடு பேசப்படும் தலைவரையும் கடவுளையுங்கூட அவ்வேளையில் எள்ளி நகையாட இடமுண்டு என்பதை, 1930இல் வெளியான தமது தொகுப்பில் ராட்ரே பதிவுசெய்துள்ளார். ஆகவே கதை வெறும் பொழுதுபோக்கன்று; சமுதாயமே ஒப்புக்கொண்ட ஒரு பேச்சுரிமை அது. ஜோர்ஜியாவிலோ அடிமைக்கு எழுத்தறிவித்தல் 1829ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்கே முயலின் வாயால் பேசுவதைத் தவிர வேறு வாய் ஏது?

அக்கதைகளை உலகறியச் செய்தவர் வெள்ளையரான ஜோயல் சண்ட்லர் ஹரிஸ். 1880இல் வெளிவந்த 'றீமஸ் மாமா' நூலிலே, தோட்டத்து மக்களின் பேச்சை மிகுந்த கவனத்தோடு காது கொடுத்துக் கேட்டு எழுதியுள்ளார்; அவ்வுழைப்பை மறுப்பது நேர்மையாகாது. மிகவும் எளிய பிராணியே கதைத் தலைவனாவதன் பொருளையும் அவர் தம் முன்னுரையில் உணர்ந்தே எழுதுகிறார். எனினும் அவர் அமைத்த சட்டகம் யாது? அடிமை வாழ்வை இனிய நினைவாகப் போற்றும் முதியவர் ஒருவர், எசமானின் வீட்டுச் சிறுவனுக்குக் கதை சொல்கிறார். கேட்போர் கூட்டம் மாறிவிட்டது. தம்மவர் நடுவே ஓநாயும் நரியும் யார் என்பது சொல்லாமலே விளங்கும். வெள்ளைச் சிறுவன் முன்னே அவை வெறும் ஓநாயும் நரியுமே. ஒரு சொல்லையும் திருத்தாமலே ஒரு கதையின் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வோல்ற் டிஸ்னி 1946இல் இச்சட்டகத்தையே வண்ணப் படமாக்கினார். அற்லாண்டாவில் நடந்த முதற் காட்சிக்கு, றீமஸாக நடித்த கறுப்பின நடிகர் ஜேம்ஸ் பாஸ்கெற் செல்ல இயலவில்லை. நகரின் நிறவொதுக்கல் தடையாயிற்று.

சட்டகத்தை உடைத்தவர் சோரா நீல் ஹேர்ஸ்ரன். புளோரிடாவின் ஈற்றன்வில் என்னும் கறுப்பின ஊரிலே வளர்ந்தவர். மானிடவியலறிஞர் பிரான்ஸ் போவாஸின் மாணவி. 1935இல் வந்த அவரது தொகுப்பிற் கதைகள் தனித்தனியே நிற்பதில்லை. மரம் வெட்டும் முகாமில், அவரது மோட்டார் வண்டியைக் கண்டு தொழிலாளர் துப்பறிய வந்தவளென ஐயுறுகின்றனர். ஒரு காலை வேலையில்லாது போகவே மீன்பிடிக்கப் புறப்படுகின்றனர். வழிநெடுகக் கதை பிறக்கிறது. எசமானை ஏய்க்கும் ஜோன் என்னும் அடிமையின் கதையை, மேற்பார்வையாளனுக்கு அஞ்சி வாழ்பவரே தம்முள் சொல்லிச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பின் காரணத்தை விளக்க ஆசிரியர் குறுக்கிடுவதில்லை. அதுவே நூலின் வலிமை.

முற்போக்காளர் இதனை உணரத் தவறியதுமுண்டு. ரிச்சர்ட் ரைற், 1937இல் 'நியூ மாசஸ்' இதழில், ஹேர்ஸ்ரனின் நாவலொன்றைக் கருத்தற்றதென ஒதுக்கினார். வறுமையையும் வன்முறையையும் நேரிற் கண்ட ரைற்றின் சினம் நியாயமானது. ஆனால் முழக்கம் கேட்காத இடத்தில் எதிர்ப்பே இல்லையென முடிவுகட்டுவது விமர்சனமாகாது. இதற்கு மறுதலையாக, முயலைப் புரட்சிவீரனாக்கும் இன்றைய சிலரின் ஆர்வமும் எமக்கு உடன்பாடன்று. முயல் நண்பரையும் ஏமாற்றுகிறது; அனான்சி பஞ்சகாலத்திற் சொந்தப் பிள்ளைகளின் உணவையே கவர்கிறான். பசித்த சமுதாயம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட உண்மையில் இதுவும் ஒரு பகுதி. அதை மறைத்துப் பதிப்பிப்போர் ஹரிஸின் தவற்றை வேறு திசையிற் செய்பவரே.

ஹேர்ஸ்ரனின் உழைப்பும் விலையின்றி நடைபெறவில்லை. 1927இல் அவர் ஒப்பமிட்ட ஒப்பந்தப்படி, அவர் திரட்டும் கதைகள் யாவும் பணம் கொடுத்த செல்வச் சீமாட்டி சார்லற் மேசனின் உடைமை. அவர் 1960இல் வறுமையில் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. 1973இல் எழுத்தாளர் அலிஸ் வோக்கர் தேடிச்சென்று கல் நாட்டினார். அந்த ஆண்டுகளில் தெற்கிலே திரட்டிய ஏறக்குறைய 500 கதைகள் 2001இலேயே நூலுருப் பெற்றன.