விளையாட்டும் மருந்தாகுமோ?

பக்கவாதத்தால் கை தளர்ந்தவர் மீண்டும் சோறு பிசைந்து உண்ண வேண்டுமானால், அக்கையை நாள்தோறும் பன்முறை அசைத்துப் பழக வேண்டும். அப்பயிற்சி சலிப்பூட்டுவது, பலர் பாதியிலேயே விட்டுவிடுகின்றனர். அதனை விளையாட்டாக்கினால் என்ன என்று ஆய்வாளர் எண்ணியது இயல்பே. 2006இல் நிண்டெண்டோவின் 'வீ' கருவியும், 2010இல் மைக்ரோசாப்டின் 'கினெக்ட்' கருவியும் வெளிவந்தபின் ஆய்வுரைகள் பெருகலாயின. விளையாட்டுக் கருவியாக வந்த கினெக்டின் உற்பத்தி 2017இல் நின்றுவிட்டது, ஆய்வுரைகள் நிற்கவில்லை! அவற்றுட் பல, கருவியைப் புகழ்வதிற் காட்டும் ஊக்கத்தைக் கையை அளப்பதிற் காட்டவில்லை.

கனடாவில் சபோஸ்னிக் என்னும் மருத்துவ அறிஞரின் குழுவினர் செய்த ஆய்வு இதற்கு விலக்கு. 2010இல் அவர்கள் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில் இருந்தோர் 22 நோயாளிகளே. 'வீ' ஆடியோரின் கை விரைவு பெற்றதென்று அதில் முடிவு கிடைத்தது. பிறராயின் அத்துடன் முரசு கொட்டியிருப்பர். இவர்களோ நான்கு நாடுகளில் 141 நோயாளிகளைக் கொண்டு மீண்டும் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சையோடு ஒரு சாரார் இரண்டு வாரங்களில் பத்து முறை, முறைக்கு ஒரு மணி நேரம் 'வீ' ஆடினர். மற்றவர்கள் அதே அளவு நேரம் சீட்டாடினர், கட்டைகளை அடுக்கினர், பந்தாடினர். இரு சாராருக்கும் கையின் தேர்ச்சியிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரு சீட்டுக்கட்டு மின்கருவிக்கு ஈடாக நின்றது!

72 சோதனைகளை ஒருங்கே எடைபோட்ட காக்ரேன் தொகுப்பாய்வும் (2017) இதற்கு அரண் செய்கிறது. வழக்கமான சிகிச்சைக்கு மாற்றாக வைத்தபோது திரைப்பயிற்சி கைக்கு மேலான பயன் தரவில்லை. அதனோடு கூடுதலாகச் சேர்த்தபோதே தந்தது. கூடுதலாகக் கிடைத்தது திரையா, நேரமா?

மற்றொரு குறையும் உண்டு. எட்டாத இலக்கைத் தொட, தளர்ந்த கையுடையவர் முழங்கையை நீட்டாமல் உடலையே முன்சாய்த்துவிடுவார். விளையாட்டோ அதற்கும் மதிப்பெண் வழங்கும். பார்த்தெழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் இட்டது போன்றதே இது.

இத்தகைய தவறான அசைவுகளைக் கண்டறியவே செயற்கை நரம்பணு வலை அழைத்துவரப்படுகிறது. இவ்வலைக்கு விதிகளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருத்திய விடைத்தாள் போன்ற எடுத்துக்காட்டுகளைக் காட்டினால், தன் பிழையின் அளவுக்கேற்பத் தன் உள்ளிணைப்புகளின் எடைகளை அது மாற்றிக்கொள்ளும். 1986இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் விளக்கிய முறை அது. ஆகவே எடுத்துக்காட்டுகள் எத்தகையன என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட தரவுத் தொகுதியை ஆய்வாளர் பலர் எடுத்தாளுகின்றனர். அதிலுள்ளோர் பத்துப் பேர். பத்துப் பேரும் நோயற்றவர். பத்துப் பயிற்சிகளை முதலிற் சரியாகவும், பின்னர் நோயாளியைப் போல வேண்டுமென்றே பிழையாகவும் அவர்கள் செய்து காட்டினர். தொகுத்தோர் இதனை மறைக்கவில்லை, குறை அவர்களுடையதன்று. அதைக் கொண்டு வலையைப் பழக்கிவிட்டு, நோயாளியின் அசைவை மதிப்பிடும் பொறி கிடைத்துவிட்டதாக எழுதுவோரே பதில் சொல்ல வேண்டும். நடித்த பிழை வேறு. இயலாமையால் நேரும் பிழை வேறு. தேர்ந்த மாணவன் வேண்டுமென்றே தவறாக எழுதிய தாளைக் கொண்டு, எழுத்துக்கூட்டத் தடுமாறும் சிறுவனின் இடர்ப்பாட்டை எந்த ஆசிரியராவது அறிய முடியுமா? வீட்டில் தனித்துப் பழகும் நோயாளி உடல் சாய்த்ததைக் காணாமல் வலை 'நன்று' என்று சொல்லுமானால், அப்பிழையே நாள்தோறும் பழகி அவர் கையில் நிலைத்துவிடும்.

2019இல் இத்தாலியிலிருந்து வந்த 'கிமோர்' தொகுதி இவ்வகையிற் பாராட்டத்தக்கது. அதிலுள்ள 78 பேரில் 34 பேர் உண்மையாகவே உடலியக்கக் குறைபாடுடையோர். அசைவுகளுக்கு மதிப்பெண் இட்டவர்களும் மருத்துவத் துறையினரே. ஆயினும் அதன் ஐந்து பயிற்சிகளும் இடுப்பு, முதுகு வலியை நோக்கி வகுக்கப்பட்டவை. சோறு பிசையும் விரல்கள் அவற்றுள் இடம்பெறவில்லை.